தெரிந்த பின் தெரிவது

1937 நவம்பரில் லண்டன் கலையிதழான 'பர்லிங்டன் மேகஸின்' ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் ஆப்ரஹாம் பிரெடியஸ். வயது 82. டச்சு ஓவியங்கள் விஷயத்தில் அவர் வாக்குக்கு மறுவாக்கு இல்லாத காலம் அது. டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் யோஹானஸ் வெர்மீர் (1632–1675) வரைந்த, யாரும் அறியாத ஓவியம் ஒன்று கிடைத்திருக்கிறது; அவர் வரைந்தவற்றிலேயே உச்சம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது என்பது கட்டுரையின் சாரம். வெர்மீருடையவை என்று இன்று ஏற்கப்படும் ஓவியங்கள் மொத்தமே 35ஐ ஒட்டித்தான் வரும். அவ்வளவு சிறிய குடும்பத்தில் புதிதாக ஒரு பிள்ளை என்றால் சும்மாவா? ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்துக்காக 5 லட்சம் கில்டருக்கு மேல் கொடுத்து அதை வாங்கினார்கள். 1938இல் அங்கே நடந்த பெரிய கண்காட்சியின் நடுநாயகமாக வைத்தார்கள்.

ஓவியத்தின் பெயர் 'எம்மாவு விருந்து'. லூக்கா நற்செய்தியில் வரும் கதை. உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர்கள் இருவரோடு வழிநடக்கிறார். அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மாலையில் உணவுக்கு அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்கும்போதுதான் யாரென்று புரிகிறது. நடுவே நீல அங்கியில் கண்தாழ்த்திய இயேசு, வலப்பக்கம் மஞ்சள் உடையில் ஒரு சீடர், இடப்பக்கம் நமக்கு முதுகு காட்டியபடி இன்னொருவர், பின்னால் நிற்கும் பணிப்பெண். மேசையில் ஒரு வெள்ளைக் கூஜா. அப்பத்தின் மேல் ஒளி புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறது. வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தில் ரொட்டிமேல் தெறிப்பது போலவே.

1945 மே மாதம், போர் முடிந்த கையோடு, நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கின் சேகரிப்பில் இன்னொரு 'வெர்மீர்' அகப்பட்டது. அது கைமாறிய வழியைப் பிடித்துப் போன அதிகாரிகள் ஹான் வான் மேகெரன் என்ற ஓவியர் வீட்டில் போய் நின்றார்கள். தேசத்தின் சொத்தை எதிரிக்கு விற்றவர் என்று கைது. சில வாரங்கள் உள்ளே இருந்த பிறகு அவர் வாய் திறந்தார்: கோரிங்குக்குப் போனது வெர்மீர் அல்ல, நானே வரைந்தது, எம்மாவு விருந்தும் என் கைவேலைதான். நம்பாதவர்களுக்காகக் காவலில் இருந்தபடியே இன்னொரு 'வெர்மீரை' வரைந்து காட்டினார்.

செய்முறை கெட்டிக்காரத்தனமானது. பதினேழாம் நூற்றாண்டுக் கித்தான் ஒன்றை வாங்கி, அதிலிருந்த பழைய ஓவியத்தைச் சுரண்டி எடுத்தார். எண்ணெய் வண்ணம் உள்ளுக்குள் முழுக்க இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்கு முன் ஆல்கஹால் பட்டால் கரைந்து வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே வண்ணத்தில் பேக்கலைட் பிசின் கலந்து, வரைந்ததைச் சூளையில் சுட்டார். சில மணி நேரத்தில் கல்லாக இறுகியது. பிறகு உருளையில் சுற்றி வெடிப்புகளை வரவழைத்து, வெடிப்புகளுக்குள் கறுப்பு மையை இறக்கினார். 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. சிறைக்குப் போகுமுன் டிசம்பர் 30 அன்று இறந்துபோனார். 1960களின் இறுதியில் ஈய வெள்ளை நிறமியின் கதிரியக்கத்தை அளந்து பார்த்ததில் மிச்சமிருந்த ஐயமும் தீர்ந்தது.

இந்த வழக்கில் குற்றப் பகுதி சுவையானதுதான். தத்துவப் பகுதி அதைவிடச் சுவையானது. 1938க்கும் 1945க்கும் இடையில் கித்தானில் ஒரு துகள் நிறமும் மாறவில்லை. அதன்மேல் விழுந்து திரும்பும் ஒளி அதேதான். விழித்திரையில் விழும் பிம்பமும் அதேதான். ஆனாலும் இன்று அதைப் பார்ப்பவருக்கு அது வெர்மீராகத் தெரிவதில்லை. ஓவியம் பழகாதவர்கள்கூட அச்சுப்படத்தைப் பார்த்துவிட்டு 'இதையா நம்பினார்கள்?' என்கிறார்கள். தொங்கும் கனத்த இமைகள், ஒட்டிய கன்னங்கள், 1930களின் சினிமா முகங்களை நினைவூட்டும் உதடுகள். இவையெல்லாம் 1938லும் அங்கேதான் இருந்தன. அன்று ஏன் தெரியவில்லை? இன்று எப்படித் தெரிகிறது?

முதல் விடை: ஒன்றும் மாறவில்லை, பேர் மட்டும்தான் மாறியது. எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் 1964இல் இதை ஒரு பகட்டு நோயாகவே விவரித்தார். பிக்காசோ ஓவியத்தின் அச்சுப்பிரதி என்று நினைத்து மாடிப்படியில் மாட்டிவைத்திருந்த படம் அசல் கோட்டோவியம் என்று தெரிந்ததும் வரவேற்பறைக்கு இடம் மாறும் கதை அவர் சொன்னது. ஆல்ஃபிரட் லெஸ்ஸிங் 1965இல் எழுதிய கட்டுரையில் இன்னும் நேராகச் சொன்னார்: போலி ஓவியத்தில் அறக்குறை இருக்கலாம், வரலாற்றுக் குறை இருக்கலாம், அழகியல் குறை என்று ஏதும் இல்லை. இருவருக்கும் பின்னால் கலை விமர்சகர் கிளைவ் பெல் நிற்கிறார். ஓவியத்தின் முன் நிற்பவர் வெளியிலிருந்து எந்தச் செய்தியையும் கொண்டுவர வேண்டாம். வடிவமும் வண்ணமும் வெளியும் பற்றிய உணர்வு போதும் என்பது 1914இல் அவர் வைத்த வாதம்.

இந்தத் தரப்புக்கு உளவியலிலிருந்தே வலுவான சாட்சி உண்டு. 1889இல் முல்லர்-லயர் வரைந்து காட்டிய இரண்டு கோடுகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் உள்நோக்கி மடிந்திருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். இரண்டும் சம நீளம். அளவுகோலை வைத்து அளந்து, சமம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஒன்று இன்னும் நீளமாகத்தான் தெரியும். அறிவு கண்ணுக்குள் நுழைவதில்லை. கண்ணின் இயந்திரம் மனத்தின் நம்பிக்கைகளைக் கேட்காமல் தன் வேலையைத் தன்போக்கில் முடித்துவிடுகிறது என்று 1983இல் தத்துவவாதி ஜெர்ரி ஃபோடர் ஒரு முழு நூலே எழுதினார். அறிவால் இரண்டு கோடுகளைக்கூடச் சமமாக்க முடியவில்லை. ஒரு முழு ஓவியத்தை அது எப்படி மாற்றும்?

நம் மரபில் இது புதிய சண்டையே அல்ல. பௌத்தத் தருக்கவாதி திக்நாகர், காட்சி என்பது கற்பனை கலவாதது, பெயரும் சாதியும் ஒட்டுவதற்கு முந்தியது என்றார். அவர் காஞ்சிப் பகுதிக்காரர் என்பது மரபுச் செய்தி. நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்கள் ஒப்பவில்லை. பெயரும் பொதுமையும் தோய்ந்து வரும் சவிகற்பக் காட்சியும் காட்சிதான், அனுமானம் அல்ல என்றார்கள். அவர்கள் காட்டும் சான்று எனக்கு மிகப் பிடித்தது: தூரத்தில் கிடக்கும் சந்தனக் கட்டையைக் கண்ணால் பார்த்தே 'மணக்கும் சந்தனம்' என்று காண்கிறோம். மூக்குக்கு மணம் எட்டவில்லை. முன்பு முகர்ந்த அறிவு காட்சிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முல்லர்-லயர் கோடுகளில் தோற்ற அறிவு சந்தனக் கட்டையில் ஜெயிக்கிறது. இரண்டும் உண்மை என்றால், ஓவியம் எந்தப் பக்கம்?

வெர்மீரிடமே கேட்கலாம். ஹேக் நகரின் மாவ்ரிட்ஸ்ஹைஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 'முத்துத்தோடு அணிந்த பெண்' ஓவியத்தில் அந்த முத்துக்கு விளிம்பே கிடையாது. மேலே கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல். கீழே, சட்டைக் கழுத்தின் வெளுப்பு மங்கலாக எதிரொளிக்கும் இன்னொரு தீற்றல். முத்தைக் காதில் மாட்டும் கொக்கி இல்லை. மூக்குத்தண்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே கோடு இல்லை. ஒரே சதைநிறம் இரண்டின்மேலும் ஓடுகிறது. அப்படியும் நாம் உருண்டையான முத்தைக் காண்கிறோம், எடுப்பான மூக்கைக் காண்கிறோம். ஓவியர் விட்டுவைத்ததை நம் கண் போட்டுக்கொள்கிறது. கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிக் 1960இல் வெளியான 'கலையும் மாயத்தோற்றமும்' என்ற நூலில் பார்ப்பவரின் பங்கு என்று விரிவாகப் பேசியது இதைத்தான். குழந்தையின் கண்ணோடு, பொருள் இன்னதென்று அறியாமல், நிறத்திட்டுகளை மட்டும் பார்க்கப் பழக வேண்டும் என்று ஜான் ரஸ்கின் 1857இல் ஓவிய மாணவர்களுக்குச் சொல்லியிருந்தார். அப்படியொரு களங்கமற்ற கண் கிடையாது என்பது கோம்ப்ரிக்கின் மறுப்பு. வெறுங்கண்ணுக்கு அந்த முத்து இரண்டு வெள்ளைக் கறைகள்தான்.

இதோடு எம்மாவு விருந்தை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு முகத்தில் அறைகிறது. அங்கே இமைக்கு வரம்பு, உதட்டுக்கு வரம்பு, எல்லாம் முன்கூட்டியே முடிக்கப்பட்டிருக்கின்றன. பார்ப்பவர் போட வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. உடையின் மடிப்புகள் கனமாக விழுகின்றன. உள்ளே ஒரு கை இருப்பதை அந்த மடிப்புகள் அறிந்ததாகத் தெரியவில்லை. உண்மை வெளிவந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதைச் சொல்வது எனக்கு எளிது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த எளிமை எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே பேச்சு.

தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட 'கலையின் மொழிகள்' நூலில் இதற்கு விடை தேடினார். அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இப்போது என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் இப்போது எனக்கு அவற்றுக்கிடையே அழகியல் வேறுபாடு இல்லையா? உண்டு என்கிறார் குட்மன். இரண்டும் வேறு என்று அறிந்தபின் என் பார்வை தேடலாகிவிடுகிறது. நாளை கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாட்டுக்கு இன்றே கண்ணைப் பழக்குகிறேன். வாதம் நுட்பமானது, ஆனால் நாளைய வேறுபாட்டை வைத்து இன்றைய அனுபவத்தை அளப்பதில் எனக்குச் சற்றுச் சங்கடம் உண்டு. நாளை வராமலே போகலாம் அல்லவா? அதே அத்தியாயத்தில் வான் மேகெரனைப் பற்றி அவர் சொல்வது இதைவிட உறுதியான தரையில் நிற்கிறது. எம்மாவு விருந்து வெர்மீராக ஏற்கப்பட்டதும், அடுத்து வரும் எந்தப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரிசைக்குள் அதுவும் சேர்ந்துவிட்டது. அடுத்த போலி வந்தபோது, 'எம்மாவு விருந்தின் சாயல் அப்படியே இருக்கிறதே' என்பதே அதற்குச் சான்றிதழாயிற்று. ஒரு கள்ளநோட்டை மாதிரியாக வைத்து அடுத்த நோட்டைச் சோதித்த கதை. 1943இல் நெதர்லாந்து அரசே ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்காக ஒன்றை வாங்கியது. அந்தப் பிந்திய படங்கள் கைவேலையிலும் எம்மாவு விருந்தைவிட மட்டம். 1945க்குப் பிறகு வரிசை இரண்டாகப் பிரிந்தது: இந்தப் பக்கம் வெர்மீர்கள், அந்தப் பக்கம் வான் மேகெரன்கள். பிரித்து வைத்த நாளிலிருந்து நிபுணர் அல்லாதவரும் பிரித்தறிந்தார்.

இன்னொரு தத்துவவாதியான கென்டல் வால்ட்டன் 1970இல் எழுதிய 'கலையின் வகைமைகள்' என்ற கட்டுரை இதைக் கோட்பாடாக வார்த்தெடுத்தது. அவர் ஒரு கற்பனைச் சமூகத்தைப் படைக்கிறார். அங்கே ஓவியம் என்ற கலை இல்லை. 'குவர்னிகாக்கள்' என்ற கலை உண்டு. எல்லாக் குவர்னிகாக்களிலும் பிக்காசோவின் 'குவர்னிகா'வில் உள்ள அதே உருவங்கள், அதே கறுப்பு வெள்ளை. ஆனால் அவை தட்டையாக இருப்பதில்லை. சில மலைத்தொடர்போல முன்னே புடைக்கும், சில அலைபோல நெளியும், சில கூர்கூராகக் குத்தும். அந்த மக்களிடம் பிக்காசோவின் தட்டையான குவர்னிகாவைக் கொண்டுபோய்க் காட்டினால்? நமக்கு ஆவேசமும் அலறலுமாகத் தெரிவது அவர்களுக்குக் குளிர்ந்து, உயிரடங்கி, சலனமற்றுத் தெரியும். உருவங்கள் அவர்களுக்கு எப்போதும் உள்ளவை. தட்டையாக இருப்பதுதான் அவர்களுக்குச் செய்தி. நமக்கோ தட்டை எப்போதும் உள்ளது, உருவங்களே செய்தி. (அசல் குவர்னிகா வரையப்பட்டதும் 1937இல்தான். பிரெடியஸ் வெர்மீரைக் 'கண்டெடுத்த' அதே ஆண்டு.)

ஒரு வகைக்குள் மாறாமல் இருப்பவை, மாறிக்கொண்டிருப்பவை என்று வால்ட்டன் பிரிக்கிறார். மாறாதவை கண்ணை உறுத்துவதில்லை. பளிங்கில் செய்த மார்பளவுச் சிலையைப் பார்த்து, வெட்டுண்டு வெளுத்துப்போன மனிதர் என்று யாரும் பதறுவதில்லை. மார்போடு நிற்பதும் வெண்மையும் அந்த வகைக்கு இயல்பு. மாறக்கூடியவற்றில்தான் உணர்ச்சி தங்குகிறது. இதிலிருந்து முல்லர்-லயருக்கும் சந்தனக் கட்டைக்கும் ஒரு சமாதானம் கிடைக்கிறது என்பது என் எண்ணம். கோட்டின் நீளம் எவ்வளவு தெரிகிறது என்பதில் அறிவுக்குச் சொல்லில்லை. பார்வையில் எது பின்னணியாக அடங்கும், எது முன்னால் எழுந்து நிற்கும் என்பதில் அறிவுக்குச் சொல் உண்டு. அழகியல் அனுபவம் நிகழ்வது இந்த இரண்டாம் இடத்தில். துக்கம், துடிப்பு, அமைதி, கனம் என்று நாம் ஓவியத்தில் காண்பவை எந்தக் கோட்டிலும் நிறத்திலும் தனியாக ஒட்டியிருப்பவை அல்ல. இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அந்தக் கூட்டத்தில் இது எங்கே விலகுகிறது என்ற உணர்விலிருந்தே அவை பிறக்கின்றன.

அப்படியானால் நிறைய அறிந்தவர் நன்றாகப் பார்ப்பார் என்று முடித்துவிடலாமே. பிரெடியஸ் குறுக்கே நிற்கிறார். அவரைவிட அறிந்தவர் அன்று எத்தனை பேர்? வெர்மீரின் இளமைக்கால ஓவியம் என்று 'மார்த்தா, மரியா வீட்டில் கிறிஸ்து' 1901இல் வெளிச்சத்துக்கு வந்தது. விவிலியக் காட்சி, பெரிய அளவு, இத்தாலியச் சாயல். வீட்டுக்குள் கடிதம் படிக்கும் பெண்களை வரைந்தவருக்கு இப்படியும் ஒரு முகம் இருந்திருக்கிறது. இடையில் காணாமல்போன சமய ஓவியங்கள் இன்னும் இருக்க வேண்டும், இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் தாக்கம் அவற்றில் தெரிய வேண்டும் என்ற ஊகம் அறிஞர்களிடையே வளர்ந்தது. வான் மேகெரன் அந்த ஊகத்தைப் படித்தவர். கரவாஜியோவின் எம்மாவு விருந்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அறிஞர்கள் காலியாக வைத்திருந்த நாற்காலியின் அளவுக்கே ஒரு படத்தை வரைந்தார். பிரெடியஸ் குறைவாக அறிந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். அவர் கண்ணுக்கு வகை முதலில் வந்தது, படம் பிறகு வந்தது. முகங்களின் 1930களின் சாயல் அவருக்குத் தெரியாததற்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். தன் காலத்து முகம் யாருக்கும் மாறாத பின்னணி. அந்தக் காலம் கடந்துபோனபின்தான் அது ஒரு சாயலாக முன்னால் எழுந்து வரும்.

தமிழ்நாட்டில் இதே கேள்வியை வேறு கோணத்தில் கேட்ட ஒரு வழக்கு நடந்திருக்கிறது. தஞ்சைப் பகுதிச் சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து சோழர்காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் ஒரு நடராஜர். 1954இல் பழுதுபார்க்க அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். அசல் மும்பை வழியாக நியூயார்க் போய், 1973இல் கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. கோயிலில் இருப்பது புதிதாக வார்த்தது என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பேரட் 1965இல் வெளியான தன் முற்காலச் சோழர் படிமங்கள் பற்றிய நூலில் எழுதினார். நீண்ட வழக்குக்குப் பின் 1980களில் சிலை இந்தியா திரும்பியது.

லண்டன் அறிஞரின் கண்ணுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியவில்லையே என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. வால்ட்டனைப் படித்தபின் அந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. கோயிலில் உற்சவர் எந்த வகைக்குள் காணப்படுகிறார்? பட்டு சாத்தி, மாலை போட்டு, விளக்கொளியில், சில நிமிடம். அங்கே மேனியின் வடிவம் மாறாதது. நடராஜர் என்றால் தூக்கிய திருவடியும் விரிந்த சடையும் இருந்தே தீரும். நாளுக்கு நாள் மாறுவது அலங்காரம். 'இன்னிக்கு அலங்காரம் என்னமா இருக்கு' என்று சந்நிதியில் சொல்வது தேர்ந்த அழகியல் தீர்ப்பு. தன் வகைக்குள் மாறக்கூடியதைக் கண்டு சொல்லும் தீர்ப்பு. அருங்காட்சியகத்தில் இது தலைகீழ். துணி இல்லை, மலர் இல்லை, மேலிருந்து ஒரு விளக்கு. பத்தாம் நூற்றாண்டு நடராஜருக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டு நடராஜர். முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது, இடை எப்படித் திரும்புகிறது, காலடியில் கிடக்கும் முயலகன் முதுகு எவ்வளவு வளைகிறது என்பவை மாறக்கூடியவையாகி முன்னால் வருகின்றன. பேரட்டின் கண் இந்த வரிசையில் பழகிய கண். ஊராரின் கண் வேறொரு வரிசையில் பழகியது. நகல் என்ற சொல்லுக்கே இரண்டிலும் ஒரே எடை இல்லை. சுவாமிமலை ஸ்தபதி தாலமானம் என்ற உடலளவுக் கணக்கை வைத்து முன்னோர் வார்த்த அதே உருவத்தை மீண்டும் வார்ப்பது போலி செய்வது ஆகாது, தொழிலின் இலக்கணமே அதுதான். சிவபுரத்தில் குற்றம் இருந்தது ஆள்மாறாட்டத்தில்தான்.

எந்த வகை சரியான வகை என்ற கேள்விக்கு வால்ட்டன் சில அளவுகோல்கள் தருகிறார். படைத்தவர் எந்த வகையாகக் காண எண்ணினார், அவர் சமூகத்தில் எந்த வகை நிலைபெற்றிருந்தது என்பவை அவற்றில் முக்கியமானவை. இவற்றின்படி சோழர் படிமத்துக்குக் கோயில்தான் சரியான இடம், அருங்காட்சியகப் பார்வை ஒரு பிறழ்வு என்று தோன்றும். ஆனால் சோழர் படிமத்தின் பின்புறம் இந்தத் தீர்ப்பை உறுதியாக நிற்க விடமாட்டேன் என்கிறது. தோளில் வழியும் சுருள்முடி, தலைக்குப் பின்னுள்ள சக்கரம், முதுகுத்தண்டின் பள்ளம், ஆடையின் கொசுவம் எல்லாம் முன்புறத்துக்கு இணையான அக்கறையோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டும் மாலையும் மூடப்போகும் இடம் என்று வார்த்தவருக்குத் தெரியாதா? திருமஞ்சனத்தின்போது மேனி ஓரளவு தெரியும்; அப்போதும் முதுகைப் பார்ப்பவர் அர்ச்சகர் ஒருவர்தான். வார்த்தவரின் எண்ணமே அளவுகோல் என்றால், அந்த எண்ணத்துக்குள் அலங்காரம் இருந்தது, அலங்காரத்துக்கு அடியில் யாரும் காணாத உடலும் இருந்தது. இரண்டையும் ஒருசேரக் காணும் இடம் சந்நிதியிலும் இல்லை, அருங்காட்சியகக் கூடத்திலும் இல்லை. உற்சவ நாளன்று கதவைச் சாத்திக்கொண்டு சாமிக்குப் பட்டு கட்டுகிறாரே, அவர் கண்ணுக்குத்தான் அது வாய்க்கிறது. அழகியல் நூல்கள் எதுவும் இதுவரை அவரிடம் போய்க் கேட்டதில்லை.